மூன்று பக்கமும் செங்கல்

மழைக்காலத்தில், பர்மாவில் நாங்கள் குடியிருந்த தாமுவே பகுதியின் வாடகைப் புத்தகக் கடையிலிருந்து எடுத்துவரும் புத்தகங்களில் நனைந்த கோணியின் வாடை அடிக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்படி வாடையடித்த ஒரு தடித்த பர்மியப் புத்தகத்தை, ரயில்வேயில் எழுத்தராக இருந்த அப்பா, திருப்பிக் கொடுப்பதும் மறுபடி எடுத்துவருவதுமாக ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துச் சண்டையிட்ட ஓர் அமெரிக்கப் படைப்பிரிவின் வரலாறு அது. அம்மாவுக்குப் பர்மிய மொழி பேச வரும், படிக்க வராது. அதனால் சாயங்காலம் அவள் மறுநாளைக்குப் பருப்பு பொறுக்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பார்.

எங்கள் கடை, நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் சுவரோரம் ஓர் அடுப்பு, ஒரு வாணலி, சில குட்டை முக்காலிகள், அவ்வளவுதான். பர்மியர்கள் 'பயாஜோ' என்று கேட்டு வாங்கும் பருப்பு வடையை அம்மா அங்கே சுட்டாள். அப்பாவின் சம்பளம் அரிசியோடு சரி. என் பள்ளிக்கூடச் செலவு உட்பட மற்றதெல்லாம் அந்த வாணலியிலிருந்துதான் வந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் பக்கத்து மனையில் புதுக்கட்டடம் எழும்ப ஆரம்பித்தது. சிமெண்ட் மூட்டை இறக்க எங்கள் சுவரோரம் வேண்டுமென்று கட்டடக்காரர் நயமாகக் கேட்டுப் பார்த்தார். அம்மா அசையவில்லை. ஒருநாள் காலையில் இறங்கிவந்து பார்த்தால், இடமும் வலமும் ஆளுயரத்துக்குச் செங்கல், எதிரே செங்கலும் மணல்மேடும். உடம்பைச் சாய்த்து நுழைய ஒரு சந்து மட்டும் விட்டிருந்தார்கள். மழையில் சேற்றை மிதித்துக்கொண்டு யார் வருவார்கள்? சுட்ட வடையெல்லாம் ஆறிக் கிடந்தது.

"விட்ரலாம். தின்கன்ஜூன்ல என் தங்கச்சி வீட்டு வாசல்ல போட்டுக்கலாம்" என்றார் அப்பா.

"நேத்து எங்க நிறுத்துனீங்க? அதைப் படிங்க" என்றாள் அம்மா.

அன்றைக்கு வாசித்த பகுதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பனி கொட்டும் ஒரு சிறிய ஊரில் அந்தப் படையை ஜெர்மானியர்கள் நாலா பக்கமும் வளைத்துவிட்டார்கள். குளிருக்குத் துணியில்லை, குண்டு தீர்ந்துகொண்டிருந்தது, காயம்பட்டவர்களைப் பார்க்கவிருந்த மருத்துவர்களும் எதிரியின் கையில். சரணடையச் சொல்லி எதிரி ஆளனுப்ப, படைத்தலைவர் ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினாராம்.

"என்னான்னு?"

"தமிழ்ல அதுக்கு நேரா வார்த்தையில்ல. போடான்னு வச்சுக்கோயேன்."

பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அம்மா சிரித்தாள்.

மறுநாள் கட்டடக்காரர் வந்து, எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டபோது, அம்மா வாணலியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே 'மயபூ' என்றாள். முடியாது என்பதற்குப் பர்மிய மொழியில் அதுதான் வார்த்தை. அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் வார்த்தை வடையை விற்றுத் தராதே. அன்று சாயங்காலம் அப்பா மேலே வாசித்தார். மூடுபனி விலகியதும் விமானங்கள் வந்து, குண்டும் மருந்தும் சாப்பாடும் பாராசூட்டில் கட்டி, வளைக்கப்பட்ட ஊருக்குள் இறக்கினவாம். அம்மா பருப்புப் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் சந்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள். அந்நாளில் எங்கள் தெருவில் மாடிக்காரர்கள் படியிறங்கச் சோம்பல்பட்டு, பேப்பரும் கீரையும் ஏற்றிக்கொள்ள பால்கனியிலிருந்து கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். "அமா! கயித்தை விடு!" என்று மூன்றாம் மாடி டோ மியாவைப் பர்மியத்தில் அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டாள். மூங்கில் கூடை ஒன்று ஆடிக்கொண்டே இறங்கியது. சூடான வடையோடு அது மேலே போனதும், அடுத்த பால்கனியிலிருந்து ஒன்று, அதற்கும் மேலிருந்து ஒன்று. கதையை என்னிடம் கேட்டிருந்த தெருப் பிள்ளைகள் மணல்மேட்டில் ஏறி நின்று, "பாராசூட்! பாராசூட்!" என்று கத்தினார்கள். அன்று ஒரு வடை மிஞ்சவில்லை. மறுநாள் மறுபக்கத்து அடுத்த கட்டடத்துப் பால்கனிகளிலிருந்தும் கயிறு வந்தது.

கடைசியில் மழையே மணலைக் கரைத்துச் சாக்கடையில் தள்ள, கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. கீழ்வீட்டு முத்து மாமா தெருக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட, கட்டடக்காரர் செங்கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டார்.

"ஒருவழியா உன்னைக் காப்பாத்திட்டோம் தங்கச்சி" என்றார் மாமா.

"காப்பாத்துனீங்களா? நான் ஒரு நாளாவது அடுப்பை அணைச்சனாண்ணே?"

அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். டாங்கிகள் முற்றுகையை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்த பிறகும், தாங்கள் மீட்கப்பட்டதாக அந்தப் படையினர் ஒத்துக்கொள்ளவே இல்லை என்று முந்தின வாரம்தான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தார்.

இப்போது அப்பா இல்லை. வாடகைப் புத்தகக் கடை போய் அங்கே கைபேசி விற்கிறார்கள். எங்கள் கட்டடத்தை இடித்து லிஃப்ட் வைத்த மாடிகள் கட்டிவிட்டார்கள். கயிறு விட அங்கே பால்கனியும் இல்லை, ஆளும் இல்லை. அம்மா தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி இன்னும் வடை சுடுகிறாள். போன மாதம் அந்த மாடிக் கட்டடத்துக் காவல்காரர், வாசலுக்கு எதிரே உட்காரக் கூடாது என்று சொல்வதாகக் கேள்விப்பட்டு, என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாமென்று டாக்சி பிடித்துப் போனேன். அம்மா அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அடுப்பை ஓரடி தள்ளி வைத்துவிட்டு எண்ணெயை ஊற்றினாள்.