சபைச் செய்தியும் எங்கள் ஊர் மதகும்

வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பிரெஞ்சில் தெரிந்தது 'போன்ழூர்', 'மெர்சி' இரண்டுதான். ஆனாலும் பாகூரில் என்னைப் பிரெஞ்சைத் தமிழில் பெயர்த்துச் சொல்லும் பெரிய துபாஷி என்று நம்புகிறார்கள். நானும் மறுத்ததில்லை.

இன்று காலை சந்தையில் மாட்டிக்கொண்டேன்.

பிரெஞ்சு சர்க்காரின் சபையில் எங்களுக்காக உட்காரும் அங்கத்தினர் உள்ளூர்க்காரர்தான். ஆனால் சபையில் நடந்ததை ஜனங்களுக்கு முதலில் பிரெஞ்சில் வாசித்தால்தான் அவருக்குக் கௌரவம். அதைத் தமிழில் சொல்கிறவருக்கு இன்று காய்ச்சலாம். கூட்டத்திலிருந்து என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அங்கத்தினர் காகிதத்தைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்து முடித்தார்.

"இன்னாபா சொல்றாரு? மதகு இடிஞ்சி அடைச்சிக்கினு கெடக்குது, நாத்து காயுது. அதுக்கு இன்னா வழியாம்?" என்று கீழேயிருந்து கேட்டார் குடியானவர் நாகமுத்து.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"மதகை இந்த வாரமே கட்டித் தர்றாராம்!" என்றேன்.

ஒரே கைத்தட்டல். அங்கத்தினர் கழுத்தில் மாலை விழுந்தது. மேடையை விட்டு இறங்கும்போது அவர் என் காதருகே குனிந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"நான் படிச்சதுல அதுவாபா இருந்திச்சி? குமாஸ்தா எழுதிக் குடுத்தான், எனக்கு இன்னா தெரியும்?" என்றவர், அப்போதே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். மாலையைப் போட்டுக்கொண்ட பிறகு இல்லை என்று சொல்ல முடியுமா?

அங்கே நின்றவர்களில் நிஜமாகவே பிரெஞ்சு தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மனிதர் என்னதான் வாசித்தார்?

சொல்ல மறந்துவிட்டேன். அந்த மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் பாய்வது என் வயலில்தான்.