அளவுத் தண்டில் திருமண்

துப்பாக்கியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். நான் துப்பாக்கி சுட்டதில்லை. சுடுகிற சத்தத்தைக்கூடக் கேட்டதில்லை. ஆனால் அதன் குழாயை மூடுகிற மரக்கட்டைக்குச் சில வருஷம் எண்ணெய் தேய்த்திருக்கிறேன். சுடச்சுடக் குழாய் கொதித்துவிடுமாம். பிடித்திருக்கிறவன் கை வெந்துபோகாமல் இருக்கத்தான் அந்தக் கட்டை. பட்டறையில் அதை மேல்கட்டை என்போம்.

பட்டறை ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் இருந்தது. கட்டில் கால் கடைந்துகொண்டிருந்த இடம். எல்லையில் சண்டை வந்த பிறகு, பழைய துப்பாக்கிகளில் விரிசல் விட்ட கட்டைகளை மாற்றப் புதுக்கட்டை வேண்டும் என்று திருச்சியிலிருந்து ஒரு காண்டிராக்டர் ஆர்டர் கொண்டுவந்தார். உள்குடைவு வேலை என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான். குழாய் உட்காருகிற பள்ளத்தை உளியால் குடைந்து எடுப்பார். எண்ணெய் போடுவது நானும் இன்னும் இரண்டு பெண்களும். காலையில் திருவானைக்காவலில் இருந்து நானும் அவரும் சேர்ந்தே நடந்து போவோம். பேச்சு அதிகம் இருக்காது. எங்களுக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம், அங்கே மனிதர்கள் மாட்டோடுதான் நிறையப் பேசுவார்கள்.

கட்டை சரியா என்று பார்க்க ஒரு இரும்புத் தண்டு உண்டு. துப்பாக்கிக் குழாயின் கனத்துக்குக் கடைந்தது. கட்டையின் பள்ளத்தில் அதை வைத்தால் இடிக்காமல் உட்கார வேண்டும், உட்கார்ந்தபின் ஆடக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. முதலாளியே வைத்துப் பார்ப்பார். வேறு யாரையும் நம்பமாட்டார். நல்ல மனிதர், பெருமாள் சேவித்துவிட்டுத்தான் பட்டறைக் கதவைத் திறப்பார். அந்த நல்ல மனிதர் எங்களைப் படுத்திய பாட்டைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ரம்பம், உளி, தண்டு எல்லாவற்றுக்கும் அவர் கையாலேயே திருமண் சாத்துவார். மறுநாள் வேலை தொடங்கியதும் அது அழிந்து கீழே உதிரும். பெருமாள் சின்னம் காலில் மிதிபடுகிறதே என்று அவருக்கு ஆதங்கம். அந்த வருஷம் தண்டுக்கு மட்டும் தலையிலிருந்து கடைசி வரை நீளமாகத் திருமண் சாத்தி, நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணமும் இழுத்து, காய்ந்த பிறகு மேலே இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அடுத்த வாரமே என் வீட்டுக்காரரின் கட்டைகள் தள்ளுபடி ஆகத் தொடங்கின. தண்டு உட்காரவில்லை, இடித்தது. முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"என்னப்பா, கண் மங்கறதா? ஒரு தரம் காட்டிண்டு வாயேன்" என்றார்.

கண்ணைக் காட்டினோம். கண்ணாடி போட்டுக்கொண்டார். கண்ணாடியோடு குடைந்த கட்டையும் இடித்தது. ஒரு நாள் வீடு திரும்பும் வழியில் நின்று வலது கையை நீட்டிப் பார்த்தார்.

"நடுங்குதா பாரு."

"இல்லீங்க."

"நீ சும்மா சொல்றே."

பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். தண்டு உட்காருகிற வரைக்கும் மேலும் மேலும் குடைந்தார். நன்றாகச் செய்து முடித்த கட்டையை எடுத்து, அது தப்பு என்று நம்பி, மறுபடி உளி வைப்பார். கட்டைகள் பாஸ் ஆயின. முதலாளி முதுகில் தட்டினார். பெட்டி பெட்டியாகத் திருச்சிக்குப் போயின.

தை பிறப்பதற்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. துப்பாக்கியில் மாட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதாம். பிடித்துக் குறி பார்க்கும்போது கட்டை நழுவினால் பிடித்தவன் கதி என்ன என்று காண்டிராக்டர் வாசலிலேயே நின்று கத்திவிட்டுப் போனார். அது நியாயமான கேள்விதான். முகம் தெரியாத ஒருவன் எங்கேயோ குளிரில் எங்கள் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன்.

முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "முதல்ல இறுக்கம், இப்போ தளர்ச்சி. உன் கையில அளவு நிக்கல. கொஞ்ச நாள் வேலைக்கு வராம ஆத்துலயே இரு" என்றார். இவர் "சரிங்கய்யா" என்று உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தச் "சரிங்கய்யா"வை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் மட்டும் வேலைக்குப் போனேன். திரும்பி வந்த கட்டைகளைத் துடைத்து அடுக்குகிற வேலை. சுவரில் ஒரு கட்டை தொங்கும். முதன்முதலில் காண்டிராக்டர் பார்த்து, இதுதான் அளவு என்று அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்த மாதிரிக் கட்டை. அதிலும் தூசி படிந்திருந்தது. இறக்கித் துடைத்தேன். தண்டு பக்கத்திலேயே கிடந்தது. ஏன் செய்தேன் என்று கேட்டால், ஆத்திரம்தான். எடுத்து அந்த மாதிரிக் கட்டையில் வைத்தேன்.

உட்காரவில்லை. இடித்தது.

முத்திரை வாங்கிய கட்டையே தள்ளுபடி என்றால் கோளாறு எங்கே? தண்டைத் திருப்பி நகத்தால் தடவினேன். வார்னிஷ் ஓரத்தில் நகம் மாட்டி நின்றது; தண்டு அந்த அளவுக்குத் தடித்திருந்தது. தினமும் எல்லோரும் பார்த்த திருமண்தான். அதை யாரும் கனம் என்று பார்க்கவில்லை, பக்தி என்று பார்த்தோம்.

முதலாளியிடம் கொண்டுபோய் இரண்டையும் முன்னால் வைத்தேன். "வச்சுப் பாருங்கய்யா" என்றேன். வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. திருமண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"சுரண்டிடலாங்களா?" என்று கேட்டேன்.

"சாத்தினதைச் சுரண்டறதாவது" என்றார். "இது பூஜை அலமாரில இருக்கட்டும். வேற தண்டு கடையச் சொல்றேன். அவனை நாளைக்கு வரச் சொல்லும்மா."

அவ்வளவுதான். 'என் தப்பு' என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். எதிர்பார்த்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப மொதல்ல குடைஞ்சதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தாங்க இருந்துச்சு."

"அதையெல்லாம் நானே பாழாக்கிட்டேனா?" என்றார்.

மறுநாள் வேலைக்கு வந்தார். புதுத் தண்டு பளபளவென்று வந்தது, கட்டைகள் பாஸ் ஆயின. ஆனால் ஒவ்வொன்றையும் முடித்ததும் என் பக்கம் நீட்டுவார். "சரியா இருக்கா பாரு." எனக்கு என்ன தெரியும்? சரி என்பேன். தலையை ஆட்டிவிட்டு, முதலாளியிடம் கொடுக்கப் போகும்போது இன்னொரு தடவை உளியை வைப்பார். நான் பிடுங்கி வைப்பேன். அலுத்துப்போய்ச் சில நாள் விட்டுவிடுவேன்.

அந்த ஆர்டர் முடிந்த பிறகு எடமலைப்பட்டி புதூரில் ஓட்டு வீடு ஒன்று போட்டோம். கதவை அவரே செய்து மாட்டினார். நிலைக்குள் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் மூடியது. திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"இடிக்குதா?"

"இல்லீங்க. நல்லா இருக்குங்க."

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது இழைப்புளியை வைத்துக் கதவோரத்தை இழைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி பிறந்தால் அவர் இழைத்த அந்தச் சந்து வழியாகச் சாரல் உள்ளே அடிக்கும். சாக்கை மடித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோம்.