இல்லாத மாடிக்கு வரி

அளவு நாடாவின் நுனியைச் சமையலறைக் கதவில் மாட்டிவிட்டுப் பின்னோக்கி நடக்கிறார் பாந்தெலிஸ். "நாப்பது வருஷமா அதே செவுருதான். நேத்து ராத்திரி வளர்ந்துடுச்சா?" என்கிறாள் அடுப்படியில் நிற்கும் மனைவி ஃபோதினி. அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டு வரி அறிவிப்பு வர இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் அவர் தானே கணக்குப் போட்டுத் தொகையைச் சொல்லியாக வேண்டும்.

கிரீஸின் வோலோஸ் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் டிக்கெட் கொடுத்தவர். பரப்பு, தெரு, எத்தனையாவது மாடி, கட்டடத்தின் வயது ஆகியவற்றைச் சொன்னால் போதும், காபி ஆறுவதற்குள் யார் வீட்டு வரியையும் சொல்லிவிடுவார். போன வருடம் பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்குச் சொன்னதில் மூன்று யூரோ பிசகியது. தப்பு அரசாங்கத்தினுடையது என்றார். "வீட்டுக்கு வயசானா வரியக் குறைக்கிறான். எனக்கும்தான் எழுபத்திரண்டு ஆச்சு, ஏதாவது குறைச்சானா?"

தன் வீட்டுக்கு மட்டும் இரண்டு கணக்குப் போடுவார். முதலாவது, இருக்கிற வீட்டுக்கு. இரண்டாவது, மகள் அஸ்பசியாவுக்குச் சீதனமாக மேலே கட்டப்போகும் மாடியையும் சேர்த்து. அவள் பிறந்தபோது தூண்கம்பிகளை வெட்டாமல் மொட்டைமாடியில் நீட்டிவிட்டார்; எங்கள் தெருவில் பெண் பெற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான். துருப்பிடிக்காமலிருக்க ஒவ்வொரு கம்பியின் தலையிலும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறார். அவள் ஜெர்மனிக்குப் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. "புதுக் கட்டடம்னா வரி கூடத்தான் வரும். வரட்டுமே, நான் கட்டுறேன்" என்று அந்த இரண்டாவது தொகையின் கீழே கோடு போடுவார். வேறு எதற்கும் அவர் அப்படி ஆசையாகக் கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தபோது அஸ்பசியா போன் செய்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"அப்பா, நாங்க இங்கயே ஒரு வீடு வாங்கிட்டோம். சின்னதுதான். வருஷத்துக்கு வரி எவ்வளவு வரும்னு நீதான் பார்த்துச் சொல்லணும்."

ஃபோதினியின் கரண்டி பாத்திரத்துக்குள் நின்றுவிட்டது. பாந்தெலிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"எத்தனை சதுர மீட்டரும்மா? எத்தனாவது மாடி?" எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த ஊர்க் கணக்கு எனக்குத் தெரியாதேம்மா. விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

போனை வைத்ததும் ஃபோதினி மெதுவாகக் கேட்டாள். "இனிமே எதுக்குங்க அந்தக் கம்பி? காயப்போடுற துணியெல்லாம் கிழியுது. வெட்டிடச் சொல்லவா?"

பாந்தெலிஸ் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். நானும் பின்னால் போனேன். குளிர்காலக் காற்று ஒரு பாட்டிலை அடித்துப் போயிருந்தது. மொட்டையாக நின்ற அந்தக் கம்பியின் தலையில் கையிலிருந்ததைக் கவிழ்த்து, பறந்துவிடாதபடி இரண்டு முறை அழுத்தினார்.