தண்ணீர் வரும் நேரத்தில் வாலிபால்

கனகவல்லிக்கு வாலிபால் என்றால் பைத்தியம். மன்னார்குடிப் பள்ளியில் படித்தபோது அவள் போடும் சர்வீஸை எடுக்க எதிரணிப் பெண்கள் திணறுவார்கள். அந்தக் கையோடுதான் கல்யாணசுந்தரத்துக்குக் கழுத்தை நீட்டினாள். புனேவுக்கு வந்து, கட்கியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில் குடித்தனம் நடத்தினாள். அதன் பிறகு கரண்டி பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் வாலிபால் ஆடியது அவர். ஆறடி உயரமாகப் பிறந்ததுதான் பாவம் அவர் செய்த குற்றம். ஆம்பிளை, அதுவும் நெட்டை. ஸ்டோர்ஸ் செக்‌ஷன் அணியில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பந்து வந்தால் மனிதர் கண்ணை மூடிக்கொள்வார். குழாயடியில் குடத்தோடு நிற்கும் கனகவல்லி வேலி வழியாக அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். அவளிடமும் யாரும் விருப்பம் கேட்டதில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், விளையாட்டுச் செயலாளர் வெங்கடேஸ்வரனிடம் போய்க் கேட்டேவிட்டாள். நல்ல மனிதர், மறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மைதானம் பெண்களுக்கு என்று அறிவித்தார். ஒரு மாதம் பார்ப்போம், ஆள் வராவிட்டால் பழையபடி ஆண்களுக்கே என்றும் சொல்லிவைத்தார்.

ஒருத்தியும் வரவில்லை. கனகவல்லியே போகவில்லையே! ஐந்தரைக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். முதல் கட்டடத்திலிருந்து "பாணி ஆலா!", அதாவது தண்ணீர் வந்துவிட்டது என்று மராத்தியில் குரல் கிளம்பினால் பெண்கள் அத்தனை பேரும் குடமும் பக்கெட்டுமாக ஓடவேண்டும். தவறவிட்டால் மறுநாள்தான். குடம் தூக்கியே அறியாத வெங்கடேஸ்வரனுக்கு இது எப்படித் தெரியும்?

வழியில் பார்த்தபோது அவர் சிரித்தார். "நான் அப்பவே நெனச்சேம்மா. லேடீஸுக்கு இதுலெல்லாம் இன்ட்ரஸ்ட் இருக்காது. வர்ற சனிக்கிழமையோட நிறுத்திக்கலாம்."

வேறு நேரம் கேட்டுப் பார்த்தாள். மற்ற நேரமெல்லாம் ஆண்கள் அணிகளுக்குப் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து அழுதேவிட்டாள்.

"குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு எப்படிங்க ஆடறது?"

கல்யாணசுந்தரம் சற்று யோசித்தார். "நான் தண்ணி பிடிக்கறேன் கனகு. நீ போய் ஆடு. என்னை அந்தப் பந்துகிட்ட அனுப்பாம இருந்தா சரி."

சனிக்கிழமை ஆறடி மனிதர் குடத்தோடு வந்து வரிசையில் நின்றதும் குழாயடியே கொல்லென்று சிரித்தது. அவர் அசரவில்லை. அந்தப் பக்கம் கனகவல்லி தனி ஆளாக வலைக்கு மேல் பந்தை அடிப்பதும், ஓடிப்போய் அவளே பொறுக்கி வருவதுமாக இருந்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. செயலாளரின் மனைவி சந்திரிகாதான் முதலில் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க," என்று கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு விசாலாக்ஷி. அப்புறம் இன்னும் சிலர். தனியே ஒரு குடவரிசைக்குக் காவலாக நின்ற கல்யாணசுந்தரம், கட்டடத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார், "பாணி ஆலா! ஆம்பிளைங்க யாராவது வாங்கப்பா!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவர்களில் வெங்கடேஸ்வரனும் இருந்தார். மைதானத்தில் தன் மனைவி எகிறிக் குதிப்பதை வாய் பிளந்து பார்த்தார்.

"அடேயப்பா! லேடீஸுக்குத் திடீர்னு இன்ட்ரஸ்ட் வந்துடுச்சு போலிருக்கே?"

"எப்பவும் இருந்தது சார்," என்றார் கல்யாணசுந்தரம். "குழாயடியிலதான் நம்ம ஆம்பிளைங்க யாரும் இல்ல. அந்தக் குடத்தை இப்படித் தள்ளுங்க, நெறைஞ்சுடுச்சு."

கனகவல்லி காதில் இது எதுவும் விழவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக, தண்ணீர் வரும் நேரத்தில் அவளுக்குத் தண்ணீர் நினைப்பே இல்லை. அத்தனை சந்தோஷம்.

சனிக்கிழமை ஐந்தரை பெண்களுக்கென்றே நிலைத்துவிட்டது. தினமும் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் கல்யாணசுந்தரமும் அணியிலிருந்து கழன்றுகொண்டார். இரண்டாயிரத்து மூன்றில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தபோது குடியிருப்பே குதூகலித்தது. கல்யாணசுந்தரத்தின் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

"இனிமே என்னை மறுபடி ஆடக் கூப்பிடுவாங்களே, கனகு."

"யாரு கூப்பிடறாங்கன்னு நான் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அவள் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.