வேலிக்குக் கீழே ஒரு பங்கர்

ஊர்ச் சபைக் கந்தோரில் இராக்காவல் பார்க்கிறவனுக்குக் கள்ளரால் வருகிற கரைச்சலைவிட, விடியமுன்னம் கேற்றடியில் வந்து நிற்கிற வேலிச் சண்டைக்காரரால் வருகிற கரைச்சல் கூட. எல்லைத் தகராறு இல்லாத வளவு உங்களுக்கும் வாய்த்திராது, எனவே விளங்கும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, நித்திரை வராத காலத்தில் துணை சபையின் சட்டப் புத்தகம்தான். பகல் பியோன் கனடாவுக்குப் போன பிறகு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நோட்டீஸ் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது.

மூன்றடி

குருநகரில் ஷெல் விழத் தொடங்கியதும் வீட்டை விட்டு எழும்பி வந்த திரேசம்மா, இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கள் பக்கத்தில் ஒரு வெறும் வளவில் கொட்டில் போட்டிருந்தார். அங்கே எங்கே வெட்டினாலும் கல்லு. வேலியோர மூலையில் மட்டும்தான் மண். ஷெல்லுக்கும் குண்டுக்கும் பதுங்க அந்த மூலையில் பங்கர் வெட்டினார். பக்கத்து வளவுச் சின்னையா மாஸ்ரர் சபைக்கு எழுதிப்போட்டார்: எல்லையிலிருந்து மூன்றடிக்குள் அனுமதியில்லாத கட்டடம்.

பதினாலு நாளில் மூடவேண்டும் என்ற நோட்டீஸை நான்தான் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் இரண்டும் பங்கர் வாசலில் இருந்து என்னையே பார்த்தன. திரேசம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"மூண்டடி தள்ளி வெட்டலாம் அண்ணை. முதல் அந்தக் கல்லுக்கு ஒரு நோட்டீஸ் குடுங்கோ."

யன்னல்

அனுமதி எடுத்தால் தப்பலாம் என்று புத்தி சொன்னவனும் நான்தான். விண்ணப்பத்தில் எத்தனை அறை, எத்தனை யன்னல், எதற்காகக் கட்டடம் என்றெல்லாம் கேள்வி. 'உயிர் தப்ப' என்று மூத்த பிள்ளை எழுதியிருந்தாள். யன்னல் இல்லையென்று கிளாக்கர் இரண்டுதரம் திருப்பி அனுப்பினார். மூன்றாந்தரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யன்னல் இல்லாமல் அனுமதி தர எனக்கு அதிகாரமில்லை, அண்ணை. என்ரை வீட்டிலையும் நான் யன்னல் இல்லாமல்தான் வெட்டி வைச்சிருக்கிறன்."

அளவு

பதினாலாம் நாள் காலை அளக்கச் சபை உத்தியோகத்தர் வந்தார். நாடாவின் மற்ற நுனியை நான் பிடித்தேன். மாஸ்ரரும் மனைவியும் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார்கள். அளந்து முடியவில்லை, பொம்மர் விமானம் வந்து சுற்றத் தொடங்கிற்று. நாடாவைப் போட்டுவிட்டு எல்லோரும் பங்கருக்குள்.

ஏழு பேர், முழங்காலோடு முழங்கால். கடைசி மூலையில் மாஸ்ரர் உடம்பைக் குறண்டிக்கொண்டு இருந்தார். எங்கேயோ கிட்ட விழுந்து தலையில் மண் கொட்டியது. இருட்டுக்குள் திரேசம்மாவின் குரல்:

"மாஸ்ரர், காலை நீட்டி வடிவா இருங்கோ. நீங்கள் இருக்கிற இடம் வேலிக்கு அங்காலை, உங்கடை காணிதான்."

கிடங்கு

மேலே வந்த மாஸ்ரர் வேலியையும் பங்கரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, முறைப்பாட்டை எப்படி மீளப் பெறுவது என்று கேட்டார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார் உத்தியோகத்தர். நான் குறுக்கிட்டேன்: வளவுக்கு வளவு குழி வெட்டிக் குப்பைக்கிடங்கு வைத்திருக்கவேண்டும், அதற்கு அனுமதி தேவையில்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. உத்தியோகத்தர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, 'கட்டடம் இல்லை. குப்பைக்கிடங்கு ஒன்று உண்டு' என்று எழுதினார். மாஸ்ரர் கையெழுத்து வைத்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்:

"உதுக்குள்ளை குப்பையைக் கிப்பையைப் போட்டிட வேண்டாமெண்டு உவ திரேசம்மாவிட்டை ஒருக்காச் சொல்லிவிடும்."

அடுத்தடுத்த வளவுக்காரரும் தங்கள் தங்கள் பங்கரை அப்படியே எழுதுவித்துக்கொண்டதில், சபைப் பதிவின்படி எங்கள் பகுதியைப்போலச் சுத்தமான இடம் குடாநாட்டிலேயே கிடையாது.