கம்ப்யூட்டருக்கு மட்டும் பிறந்த தை

பகுத்தறிவு பேசுவதில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே என்னை மிஞ்ச ஆளில்லை. என்னுடையது கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. பக்கத்தில் ஜூஸ் கடை. ராகுகாலம் கழியட்டும் என்று பெட்டியோடு காத்திருப்பவர்களை அந்த ஜூஸ் கடை வாசலில் நின்றபடியே வம்புக்கிழுப்பேன். ராகுகாலத்தில் பஸ் ஓட்டுகிற டிரைவர் மட்டும் என்ன பாவம் செய்தார் என்று கேட்பேன். ஆனால் என் கடையை ஒரு மார்கழியில் திறந்தேன் என்பதையும், ஏழாம் நாள் ஷட்டர் நேராக என் கால் கட்டைவிரலில் இறங்கியது என்பதையும் வெளியே சொல்வதில்லை. நகம் மறுபடி முளைக்க ஐந்து மாதம் ஆனது. பகுத்தறிவு முளைக்கவே இல்லை. வாயில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

அந்த அக்கா என்னைக் கூப்பிட்டதும் ஒரு மார்கழியில்தான்.

சிம்மக்கல்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. சேலைக்கு பார்டர் வரைகிறவர். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி அவர் வரைந்து கொடுப்பதைத் தறிக்காரர்கள் பார்த்து நெய்வார்கள். வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம், என்னிடம் மதுரைத் தமிழ். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது இருபது வருடமாக முடிவாகவில்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவருடைய கம்ப்யூட்டருக்கும் வயது இருபதுக்கு மேல். பார்டர் வரையும் சாஃப்ட்வேரை எழுதிய ஆட்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. அது அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான் ஓடும். அதன் ஹார்டுடிஸ்க் சில நாளாக உள்ளே யாரோ சுண்டுவது போல டொக் டொக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அவர் கவலைக்குக் காரணம் பழைய பார்டர்கள் மட்டும் இல்லை. அவர்கள் குடும்பச் சேலைக் கடைப் பலகையில் இருப்பது அவருடைய மாமனாரின் அப்பா பெயர். இருபத்தைந்து வருடமாக அக்கா வரைந்ததெல்லாம் அந்தப் பெயரில்தான் போயின. தை நடுவில் ஒரு கண்காட்சி வருகிறது, அதில் முதல் தடவையாக அவர் பெயரிலேயே ஒரு ஸ்டால். அதற்கென்று புதுசாக ஒரு வரிசை வரையப் போகிறார். கோபுரம், அன்னம், மல்லிமொட்டு எதுவும் கிடையாது. பழைய டவுன் வீடுகளின் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும்தான் பார்டர். தினம் காலையில் சந்து சந்தாக நடந்து ஏதாவது ஒரு கதவின் முன்னால் நின்று பார்ப்பார். போட்டோ எடுக்க மாட்டார். போட்டோ எடுத்தால் கண்ணு சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போடுவார். ஒரு நாளைக்கு ஒரு கதவு.

மறுநாள் முதல் கதவு. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைக்க ஒரு ஏற்பாடு வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும் என்றார்.

என் மனைவியிடம் இதைச் சொன்னேன். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்தால் முடிந்தது, அரை மணி நேர வேலை என்றாள். வாஸ்தவம்தான். ஆனால் அரை மணி நேர வேலையில் என்ன பெருமை இருக்கிறது? தவிர, என்னிடம் ஒரு டேப் டிரைவ் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது எடைக்கு வாங்கியது. உள்ளே கேசட் மாதிரி ஒரு டேப்பைச் சொருகினால் டிஸ்கில் இருக்கிற மொத்தத்தையும் அதில் பதிந்து வைத்துக்கொள்ளும். மூன்று வருடமாக அதற்கேற்ற இளிச்சவாயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுத் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டேன். டேப் டிரைவுக்கென்று ஒரு கார்டை மாட்டினேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேறு இடத்தில் மாட்டினேன். இப்போது கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு மவுஸை மறந்துவிட்டது. மதியம் வாக்கில் இரண்டுக்கும் சமாதானம் செய்துவைத்து, கீறல் விழுந்த சிடியிலிருந்து பேக்கப் சாஃப்ட்வேரை ஏற்றினேன். முதல் தடவை டிஸ்க் முழுவதையும் எடு, அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கடைசியாக எடுத்த நேரத்துக்கு அப்புறம் மாறியதை மட்டும் எடு என்று கட்டளை போட்டேன். டேப்பைத் தயார் செய்யவே ஒரு மணி நேரம் பிடித்தது. கோழி குப்பையைக் கிளறுவது போல அது உள்ளே கிளறிக்கொண்டிருந்தது. இம்புட்டு நேரமா என்று அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். வேலை சுத்தமாக நடக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

எல்லாம் தயார். 'தொடங்கு' என்ற பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

மார்கழியில் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்குவதா? காரணத்தை வெளியே சொல்ல முடியவில்லை. பொங்கல் கழியட்டுமே, கொஞ்சம் வேலை கிடக்கிறது என்று இழுத்தேன்.

அக்கா சொன்னார்: "பொங்கல் வரைக்கும் டிஸ்க்கு உசுரோட இருக்கும்னு எழுதித் தாரீங்களாண்ணே?"

எழுதித் தர முடியாது. அவர் காப்பி போட உள்ளே போனார். நான் கம்ப்யூட்டரின் தேதியைத் திறந்தேன். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, தை பிற்பகுதியில் ஒரு நல்ல முகூர்த்த நாளாகத் தேர்ந்தெடுத்தேன். மணியையும் நல்ல நேரத்துக்கு நகர்த்தினேன். பொத்தானை அமுக்கினேன். மதுரையில் அத்தனை பேருக்கும் மார்கழி நடந்துகொண்டிருக்க, அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தை பிறந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. டேப் ஓடி முடிந்தது. பச்சையில் ஒரு டிக் வந்தது. தேதியைப் பழையபடி மார்கழிக்குத் திருப்பிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஸ்கூட்டரில் வரும்போது எனக்கு என் மேல் வந்த மரியாதையை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன். அப்போது நான் ஜூஸ் கடை வாசலில் யாரோ ஒருவருடைய எமகண்டத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பச்சை டிக்கு வருது. ஆனா ஃபைலுங்கிற எடத்துல ஜீரோன்னு வருது."

"ஜீரோன்னா சுத்தமா இருக்குன்னு அர்த்தம்க்கா. தப்பு ஒண்ணும் இல்ல."

"தப்புக்குத் தனியா ஒரு ஜீரோ இருக்குண்ணே. இது வேற ஜீரோ. நேத்து முழுக்க உக்காந்து ஒரு கதவு போட்டேன், அது ஏற வேணாமா?"

நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் இது. நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிபுணன் தோரணையில், அதெல்லாம் உள்ளே ஏறியிருக்கும், வெளியே காட்டாது என்றேன். ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று காட்டுகிற சாஃப்ட்வேரை உலகத்தில் எவனும் எழுதியதில்லை. எனக்காக நானே அந்த நிமிஷத்தில் எழுதினேன். அடுத்த வாரம் அக்கா இன்னொரு தடவை கேட்டார். அதே பதில். அதற்குப் பிறகு கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டார்.

போகியன்று காலை ஒன்பது மணி. அக்கா அழைத்தார். டிஸ்க்கின் சத்தம் நின்றுவிட்டது என்றார். நல்லதுதானே அக்கா என்றேன். படமும் நின்றுவிட்டது என்றார்.

பழையது கழியும் நாளை அந்த டிஸ்க் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தது. கண்காட்சிக்கு இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. அதுவரை இருபத்துமூன்று கதவுகள் வரைந்து முடித்திருந்தார். அத்தனையும் அந்த டிஸ்கில். எனக்குப் பதற்றமே இல்லை. இந்த ஒரு நாளுக்காகத்தானே டேப் என்று, கடையிலிருந்து பழைய டிஸ்க் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஜம்மென்று போனேன். செத்த டிஸ்கைக் கழற்றிப் பையில் போட்டேன், வேறொன்றை மாட்டினேன், பேக்கப் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினேன், டேப்பைச் சொருகினேன். அக்கா பின்னால் நின்றார். அவர் வீட்டுக்காரர் ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

டேப்பில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு வரி. அந்த வரியின் தேதி, தை பிற்பகுதி. இன்னும் விடியாத ஒரு நாள்.

கடைசியாக எடுத்த நேரத்துக்கு அப்புறம் மாறியதை மட்டும் எடு என்று சொன்னது நான். கடைசியாக எடுத்தது தை என்று எழுதி வைத்ததும் நான். அக்கா வரைந்ததெல்லாம் மார்கழி. தைக்கு அப்புறம் மார்கழி எப்படி வரும்? சொன்ன பேச்சைக் கேட்கிற அந்தச் சாஃப்ட்வேர் தினம் ஐந்து மணிக்கு எழுந்து, புதுசாக ஒன்றும் இல்லை, ஜீரோ என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேலாக அந்த வீட்டில் பொய் சொன்னது நான் ஒருவன்தான்.

பழைய டேப், மெதுவாகத்தான் எடுக்கும் என்றேன். இருபத்தைந்து வருடத்துப் பழைய பார்டர்கள் ஒன்றுவிடாமல் வந்து இறங்கின. கோபுரமும் அன்னமும் வரிசை கட்டி நின்றன. கதவு ஒன்றுகூட இல்லை. ஸ்க்ரூடிரைவர் எடுத்து வாரேன் என்று எழுந்தேன். ஸ்க்ரூடிரைவர் என் கையில்தான் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

ஆரப்பாளையம் வந்து கடைக்குப் போகாமல் உசிலம்பட்டி பஸ் அருகே நின்றேன். உசிலம்பட்டியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அதுதான் அந்த ஊரின் சிறப்பாகப் பட்டது. ஏறுகிற உத்தேசம் உண்டா இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். உத்தேசம் இருந்தது. பஸ்ஸில் ஒற்றைக் காலையும் வைத்துவிட்டேன். தோளில் கிடந்த பைக்குள் அந்த டிஸ்க் விலா எலும்பில் இடித்தது. காலை எடுத்தேன். கண்டக்டர் என்னைப் பற்றிச் சொன்னது அச்சில் வராது.

செத்த டிஸ்கைக் குளிர வைத்தால் சில சமயம் கொஞ்ச நேரம் சுற்றும் என்பது எங்கள் தொழிலில் கடைசி வைத்தியம். அதை இரண்டு பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு ஜூஸ் கடைக்காரரிடம் போய், உங்கள் ஐஸ் பெட்டியில் ஒரு மணி நேரம் இடம் வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன ஃப்ளேவரு மாப்ள?"

"கதவு" என்றேன்.

முகத்தைப் பார்த்து மேலே கேட்காமல் உள்ளே வைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி கிடையாது. நல்ல வேளை, ஜூஸ் கடை வாசலில் அன்று கூட்டம் இல்லை. எடுத்து என் கடை மெஷினில் மாட்டினேன். ஒரு முனகல், பிறகு சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு ஃபைலாக இழுத்துப் போட்டேன். பென் டிரைவில்தான். பதினாறாவது வந்ததும் ஒரு கிறீச், அதோடு சரி. மறுபடி குளிர வைத்தேன், தட்டினேன், கொஞ்சினேன். எழவில்லை. ஏழு கதவுகள் போய்விட்டன.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குத் திரும்பினேன். டேப் பழசு, டிஸ்க் மட்டம், கரண்டு சரியில்லை என்று வழியெல்லாம் மூன்று கதை தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முன்னால் நின்றதும் மூன்றும் கலைந்துபோய், தேதியை மாற்றிய கதைதான் வாயில் வந்தது. முழுக்கச் சொன்னேன். ஷட்டரையும் கட்டைவிரலையும்கூட விடவில்லை.

அவர் பென் டிரைவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மார்கழி வேணாம்னு நான் சொன்னனா?"

"இல்லக்கா."

"பெறகு?"

"எனக்குத்தான் பயம்."

வீட்டுக்காரர் பக்கம் திரும்பிச் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அதில் புரிந்தது டேப்பு, அண்ணே என்ற இரண்டு சொல்தான். வீட்டுக்காரர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

அக்கா சிரிக்கவில்லை. "ஜீரோ ஜீரோன்னு நான் கரடியாக் கத்துனேன். நல்ல நேரம் பாத்தது நீங்க, அனுபவிக்கிறது நானு" என்றார். பிறகு, பொங்கல் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து சேருங்கள் என்று உத்தரவு.

போனேன். எதற்கு என்றால், தொலைந்த ஏழு கதவுகளைக் கண்டுபிடிக்க. அவர் முன்னால் நடப்பார், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால். ஒரு வீட்டின் முன் நின்று கம்பியை மேலும் கீழும் பார்ப்போம். வாடகைக்கு இல்லையே என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒரு பெரியவர் எங்களைக் கடன் வசூலிக்கிறவர்கள் என்று நினைத்து, மகன் ஊரில் இல்லை என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். பார்த்துவிட்டு வந்து அக்கா வரைய உட்காருவார். நான் பக்கத்தில் நின்று பென் டிரைவில் காப்பி எடுப்பேன். ஒரு கதவுக்கு மூன்று காப்பி. தேதியின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அவர் என் விரலையே பார்ப்பார்.

கண்காட்சிக்குக் கடைசி நாள்தான் போகத் தைரியம் வந்தது. நெய்து முடிந்த நாலு சேலை தொங்கியது. மற்ற கதவுகள் பெரிய அச்சுப் படங்களாகச் சுவரில் இருந்தன. மேலே பலகையில் அக்கா பெயர். நிறையப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்ற உணர்ச்சி உள்ளவன் பேசாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். நான் ஒரு படத்தைக் காட்டி, இதில் கம்பி லேசாகக் கோணியிருக்கிறது, அவசரத்தில் திரும்ப வரைந்ததுதானே அக்கா என்று கேட்டேன்.

"அது நீங்க ஐஸ் பெட்டில வச்சுக் காப்பாத்துனதுண்ணே. தொலைஞ்சிருக்க வேண்டியது" என்றார்.

வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். இருபத்திரண்டு. இன்னொரு தடவை வலதுகைப் பக்கமிருந்து எண்ணினேன். இருபத்திரண்டுதான்.

"ஒண்ணு கொறையுதேக்கா. அது எந்த வீட்டுக் கதவு?"

அவர் ஒரு சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரிசெய்து முடித்த பிறகுதான் திரும்பினார்.

"அது ஞாபகம் இருந்தா வரைஞ்சிருக்க மாட்டேனாண்ணே" என்றார்.