மருத்துவச்சி கட்டிய மாடி வீடு

வடக்குப் பக்கத்து வீட்டின் பத்திரத்தைத்தான் முதலில் எடுப்பாள். பிறகு மேற்கு, தெற்கு, கிழக்கு. எந்த வீட்டைப் பற்றித் தேட வந்தாளோ அதன் பத்திரத்தைக் கடைசிவரை தொடமாட்டாள். "சொந்தப் பத்திரம் பெருமை பேசும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்தக் கவலையே கிடையாது" என்பாள். ஒருவருடைய பத்திரம் தொலைந்தே போயிருக்கட்டும், அண்டை வீட்டுப் பத்திரத்தின் எல்லைக் குறிப்பில் 'இன்னார் வீடு' என்று அவர் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்.

பழைய வீடுகளின் முதல் உரிமையாளர்களைத் தேடிச் சான்று எழுதுவது அவள் தொழில். பதிவு அலுவலகத்தில் அவளுக்கு 'நாலெல்லை' என்று பெயர். பென்சிலின் ரப்பர் முனையால்தான் தாளைப் புரட்டுவாள். விரல் பட்டால் பழைய தாள் நொறுங்கிவிடும். பேருந்தில் போகும்போது அவளுடைய அக்கா கைபேசியில் "எங்கடி இருக்கே?" என்று கேட்டால், "கிழக்கே ஜன்னல், மேற்கே ஒரு தூங்குமூஞ்சி, தெற்கே அழுவுற குழந்தை" என்பாள். "உன்கிட்ட போய் கேட்டேன் பாரு" என்று அக்கா வைத்துவிடுவாள்.

சென்ற வாரம் அந்த அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டையே தேட வேண்டிவந்தது. தன் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு என்று அத்தானுக்கு அவ்வளவு பெருமை. அவர் பெயரைச் செதுக்கிய கல் தயார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பதிக்க உறவினர்களையெல்லாம் அழைத்தாயிற்று. நகராட்சி அனுமதிக்கு இவள் சான்று மட்டும்தான் பாக்கி.

வாசலில் தெரு, மற்ற மூன்று பக்கத்துப் பத்திரங்களும் ஒரே குரலில் வேறு கதை சொல்லின. கொள்ளுத்தாத்தா வாங்குவதற்குப் பதினெட்டு வருடம் முன்பே அங்கே 'மருத்துவச்சி கட்டிய மாடி வீடு' இருந்தது.

"பிரசவம் பாக்குறவ மாடி வீடு கட்டுவாளா கொழுந்தியா?" அத்தான் சிரித்துப் பார்த்தார்.

"கட்டியிருக்காளே அத்தான். கொள்ளுத்தாத்தா வாங்கினாரு, அவ்வளவுதான்."

"எல்லாரையும் கூப்பிட்டாச்சும்மா. என் மானமே போயிடும். உங்க அக்காவுக்காகவாவது ஒரு கையெழுத்துப் போடேன்."

"என்னை ஏன் நடுவுல இழுக்கறீங்க?" என்றாள் சமையலறை வாசலில் நின்ற அக்கா. தங்கையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அவ பேரைக்கூட யாரும் எழுதி வைக்கலை அத்தான். கட்டின வீட்டையும் நாம பிடுங்கிக்கணுமா?"

அவள் எழுந்து போய், சுவரில் சாய்த்திருந்த கல்லின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் இன்னொரு வரி கொள்ளுமா என்று கையை விரித்துச் சாண் வைத்தாள். பிறகு விரல்களைச் சற்றுக் குறுக்கி, இன்னொரு முறை அளந்தாள்.